நெவென்காவின் பெயரில் திறந்த பூட்டு

நெவென்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பதினாறு வருஷம் மற்றவர்கள் நடப்பதைப் பார்த்தே கழிந்துவிட்டது. பெல்கிரேடுக்குக் கீழே, டான்யூப் கரையில், இரும்புச் சுருளும் கோதுமையும் உரமூட்டையும் ஏறி இறங்குகிற ஒரு சரக்குத் துறைமுகத்தில் அவள் கேமரா அறைக்காரி. அதற்கு முன்னால் எடைமேடையில் உட்கார்ந்து லாரி எடை எழுதிக்கொண்டிருந்தாள். கேமராக்கள் வந்த வருஷம், கம்ப்யூட்டர் என்றாலே ஆண்கள் எல்லாரும் பின்வாங்க, இவள் மட்டும் கையைத் தூக்கினாள். மூன்று மாதத்தில், மழைக்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு போகிறவன் யார் என்று நடையை வைத்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

புருஷன் ஸ்லோவேனியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் தெயோதோரா படித்து முடித்து வியன்னாவில் செட்டில் ஆகிவிட்டாள். புருஷன் ஓடினாலும் அவன் வீட்டுப் புனிதர் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு நவம்பர் எட்டாம் தேதியும் புனித திமித்ரியின் ஸ்லாவாவை, அதாவது குடும்பப் புனிதரின் திருநாள் விருந்தை, நெவென்கா தனியாளாகவே நடத்திவந்தாள். ஓடிப்போனவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பது அவள் கட்சி.

கேமரா அறை என்றால், யாரோ ஒருத்தி எல்லாவற்றையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஜனங்களுக்கு நினைப்பு. எழுபத்திரண்டு கேமரா, ஒரு பெண்பிள்ளை, இரண்டு கண். எப்படி முடியும்? பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சத்தையெல்லாம் பார்த்து வைப்பது பக்கத்துக் குளிர் அறையில் உறுமிக்கொண்டிருக்கிற இயந்திரம். கேமராவுக்குச் சொந்தமாக ஞாபகமே கிடையாது. கண்டதைக் கம்பி வழியே அனுப்பிவிட்டு அது பாட்டுக்கு அடுத்ததைப் பார்க்கும். வந்ததை நாள், மணி, நிமிஷம் என்று அடுக்கி வைப்பது இயந்திரத்தின் வேலை. அதற்கும் முப்பது நாளைக்குத்தான் இடம். முப்பத்தோராவது நாள் வந்ததும், இருப்பதிலேயே பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதிவிடும். யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாகப் போய்விடும்.

ஏதாவது போகக்கூடாது என்றால் அந்தத் துண்டுக்குப் பூட்டு போட வேண்டும். இங்கிருந்து இதுவரை என்று குறித்துப் பூட்டிவிட்டால், மேலெழுதிக்கொண்டே வருகிற இயந்திரம் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போகும். பூட்டியவராலோ பாதுகாப்புத் தலைவராலோதான் மறுபடி திறக்க முடியும். வெளியே எடுத்துப் பிரதி பண்ணுவது தலைவருக்கு மட்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு குறிப்பேடு உண்டு. யார் எதைப் பார்த்தார்கள், யார் பூட்டினார்கள், யார் திறந்தார்கள் என்று பெயரும் நிமிஷமும் அதில் தானாக ஏறிவிடும். துறைமுகத்தில் எவனாலும் அதில் கைவைக்க முடியாது. இரண்டு வருஷம் இருக்கும். ஆனால் அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர்தான் தெரியும், முகம் தெரியாது.

அக்டோபர் பதினாலாம் தேதி, தூறலில், மூன்றாவது மேடையில் இரும்புச் சுருள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிரேன் கொக்கியின் தாழ் உடைந்திருக்கிறது என்று கிரேன்காரன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும், ‘இறக்குடா பார்த்துக்கலாம்’ என்பதுபோல ஃபோர்மேன் கையை வீசியதும், ஒப்ராத் என்கிற தொழிலாளியைப் போய்க் கம்பிக் கயிற்றைச் சரிசெய்யச் சொல்லி விரலை நீட்டியதும், எல்லாவற்றையும் நெவென்கா முப்பத்தொன்றாம் கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சுருள் விழுந்தது. ஒப்ராதின் இடது கால் முழங்காலுக்குக் கீழே அதன் அடியில் போயிற்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கும் பூட்டு போட்டாள்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒப்ராதின் மனைவி ஸ்தாமெனா, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இவராவே புத்தியில்லாம கீழ போய் நின்னாராம். கம்பெனியில அப்படித்தான் சொல்றாங்க.”

“யார் என்ன வேணா சொல்லட்டும். ஃபோர்மேன் விரல் நீட்டுனது அப்படியே இருக்கு. நான் பூட்டி வச்சிட்டேன். இனி ஒரு பயலும் அத அசைக்க முடியாது. நீ தூங்கு.”

பெரிய வார்த்தைதான். ஆனால் சும்மா சொன்ன வார்த்தை இல்லை. துறைமுகத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பதினாறு வருஷமாக ஒரு பெயர் இருந்தது. அதை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பாதுகாப்புத் தலைவன் கிராதிமிரிடம், ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். “ஆய்வாளர்கிட்டேர்ந்து கடிதம் வரட்டும், சட்டப்படி செய்வோம்” என்றான். அவன் சொன்னால் நெவென்காவுக்கு மறுபேச்சு இல்லை. ஏனென்றால் கிராதிமிர் அவளுக்குக் கூம். அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், அவள் மகளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்தவன். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம். கூமோடு அதெல்லாம் கிடையாது. புருஷன் ஓடிப்போன வருஷம் அவளுக்கு விறகு இறக்கிப்போட்டவனும் அவன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நவம்பர் வந்தது. ஸ்லாவாவின் முதல் நாள் சட்டப்படியே விடுமுறை. ஆனால் விருந்தாளிகள் சட்டம் படித்துவிட்டா வருகிறார்கள்? இரண்டாம் நாளும் வருவார்கள், முக்கியமாகக் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இரண்டாம் நாள்தான் வருவார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. வருகிறவன் வருவான், வீட்டுக்காரி உட்காராமல் நின்று பரிமாற வேண்டும். அதனால் துறைமுகத்தில் இருபது வருஷமாக ஒரு ஏற்பாடு. யார் வீட்டு ஸ்லாவாவோ அவர் இரண்டாம் நாள் வீட்டிலேயே இருப்பார். இன்னொருவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து, ஷிப்ட் புத்தகத்தில் அவர் கையெழுத்தையும் போட்டுவிடுவார். பூமியில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை நல்ல மனசோடு செய்ய மாட்டார்கள்.

“இந்தத் தடவை நானே உக்காந்துக்கறேன், கூமா” என்றான் கிராதிமிர். “மத்தியானம் வரைக்கும்தானே. அப்புறம் கொசானா வந்துடுவா, நான் உன் வீட்டுக்கு வந்துடறேன். பாஸ்வேர்ட் அதேதானே?”

“அதேதான்.”

எழுதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. தெயோதோரா, கூடவே அவள் பிறந்த வருஷம். அந்தக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். பெயர் வைப்பது கூமின் உரிமை.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு ஸ்தாமெனா வந்தாள். மத்தியானம் வந்தால் துறைமுகத்து ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டும், அதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை. சிலுவைக்குறி போட்டு, இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நெவென்கா வலுக்கட்டாயமாக உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்து, முட்டைகோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்த சர்மாவை ஒரு நீலப் பாத்திரம் நிறைய ஒப்ராதுக்குக் கட்டிக் கொடுத்தாள். பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி பஸ்.

“அக்கா, அந்தப் படம்...”

“எத்தன தடவடி கேப்பே? இருக்குன்னா இருக்கு.”

ஒரு மணிக்குத் துறைமுகமே வந்து இறங்கியது. பதினோரு பேர். கிராதிமிர் மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டான். பன்றி வறுவலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், சர்மா உப்பு தூக்கல் என்று கிண்டலும் செய்தான், புனிதர் பெயரைச் சொல்லி ராக்கியா சாராயக் கோப்பையையும் உயர்த்தினான். நெவென்காவுக்கு நின்று நின்று கால் வீங்கியது. அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி தொழில் ஆய்வாளரின் கடிதம் வந்தது. கேமரா சர்வீஸ் கம்பெனியிலிருந்து இசிதோரா என்கிற இளம் பெண் வந்து இயந்திரத்தைத் திறந்தாள். முப்பத்தொன்றாம் கேமராவில் அக்டோபர் என்று ஒரு மாதமே இல்லை.

“பூட்டியிருந்தேன்!” என்றாள் நெவென்கா.

“பூட்டியிருந்தீங்க. பதினாலாம் தேதி. இதோ இருக்கு” என்று இசிதோரா குறிப்பேட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள். “நீங்களே திறந்தும் விட்டுட்டீங்க. நவம்பர் ஒன்பது, காலைல பத்து நாப்பத்திரண்டு. அப்புறம் நாலே நாள்ல மேல எழுதிடுச்சு.”

நெவென்கா அந்த வரியைப் பார்த்தாள். தன் பெயரை இவ்வளவு அந்நியமாக அவள் எங்கும் பார்த்ததில்லை. பத்து நாற்பத்திரண்டுக்கு அவள் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். யார் நாற்காலியில் யார் இருந்தது என்பதை மனசு உடனே சொல்லிவிட்டது. ஆனால் அதைக் கேட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வாசல் கேமராவப் பாருங்க” என்றாள். “ஒன்பதாம் தேதி நான் உள்ளேயே வரல. அது தெரியுமில்ல?”

இசிதோரா விரல் விட்டு எண்ணினாள். “முப்பத்து மூணு நாள் ஆச்சுங்க. மூணு நாள் முன்ன கேட்டிருந்தா இருந்திருக்கும். இல்ல, நீங்க பூட்டியாவது வச்சிருக்கணும்.”

தான் ஓரிடத்தில் இல்லை என்பதை எவள் முன்கூட்டிப் பூட்டிவைப்பாள்? வாசலில் கார்டு தேய்க்கிற இயந்திரமும் கோடையிலேயே பழுதாகி, புத்தகத்தில் கையெழுத்துதான். அதில் அவள் கையெழுத்து அழகாக இருந்தது.

நேரே கிராதிமிர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏன் திறந்தீங்க?”

“எதை?”

“கூம், என்கிட்ட நடிக்காதீங்க. பதினாறு வருஷமா நான் ஆளப் பாத்தே கண்டுபிடிக்கறவ.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “டைரக்டர் கேட்டார். ஃபோர்மேன் அவர் ஆளு. நான் என்ன பண்ணட்டும்?”

“உங்க பேர்ல திறந்திருக்கலாமே. உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கே.”

“எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு.” அதை அவன் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். “கத்தாதே. உனக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாம கை பட்டுடுச்சுன்னு எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட சரி. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“திறந்துட்டு நேரா என் வீட்டுக்கு வந்தீங்க. என் கையால வாங்கித் தின்னீங்க.”

“வராம இருக்க முடியுமா? ஸ்லாவாவாச்சே” என்றான் கிராதிமிர். உண்மையாகவே அவனுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் நெவென்காவுக்குத் தாங்கவில்லை. வந்திருக்காவிட்டால்கூட ஒருவேளை ஆறியிருக்கும்.

அன்று விருந்துக்கு வந்த மற்றப் பத்துப் பேரையும், மத்தியானம் நாற்காலிக்கு வந்த கொசானாவையும் ஒவ்வொருத்தராகப் பிடித்தாள். காலையில் அவள் வேலையில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இருபது பேருக்கான சமையலை வேலை பார்த்துக்கொண்டேவா செய்திருப்பாள்? ஆனால் ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்கு ஞாபகமறதி. எத்தனை தடவை இவர்களுக்காக இவள் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள்! கொசானாதான் முகத்துக்கு நேரே சொன்னாள்:

“ஸ்லாவா எல்லார் வீட்டுலயும் இருக்கு, அக்கா. உங்களுக்காக நான் வாயத் திறந்தா, அத்தன பேரோட ரெண்டாம் நாளும் சந்திக்கு வரும். என்னோடதும்தான். வேலை போனா யார் சோறு போடுவா, உங்க புனிதரா?”

மிச்சம் இருந்தது ஸ்தாமெனா. பத்து நாற்பத்திரண்டுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தவள். நெவென்கா அவள் வீட்டுக்கே போய், நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ஸ்தாமெனா இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“சொல்றேன் அக்கா. எங்க வேணா வந்து சொல்றேன். நீங்க அந்த நேரத்துல வீட்டுலதான் இருந்தீங்க, நானே சாட்சி.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நெவென்கா ஆய்வாளருக்கு எழுதினாள். இரண்டாம் நாள் ஏற்பாட்டையும் மறைக்காமல் எழுதினாள். வேலை போனால் போகட்டும். ஒரு கால் போனவனின் சாட்சியத்தை விற்றவள் என்ற பெயர் மட்டும் வேண்டாம். எழுதிய கடிதத்தின் நகல் கம்பெனிக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டு அவர்கள் யாரைப் போய்ப் பார்ப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கேமரா பார்த்தே பழகியவள், பாவம், எல்லாம் தன் கண் எதிரில்தான் நடக்கும் என்று நினைத்துவிட்டாள்.

ஜனவரிக் கடைசியில் கம்பெனியின் கூட்ட அறையிலேயே விசாரணை. ஆய்வாளர் நரைத்த தலையும் கறாரான குரலும் உள்ள ஒரு பெண்மணி. டைரக்டர், கிராதிமிர், நெவென்கா, ஒப்ராதுக்குப் பதில் ஸ்தாமெனா. ஸ்தாமெனா நுழையும்போது டைரக்டர் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நெவென்காவின் மனசில் அப்போதே ஏதோ சுரீர் என்றது.

“ஒன்பதாம் தேதி காலையில் இவர் வேலையில் இருந்தாரா?” ஆய்வாளர் கிராதிமிரைக் கேட்டார்.

“இருந்தாங்க. நானே பாத்தேன்.”

“நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்குப் பத்தே முக்கால் சுமாருக்கு இவங்க வீட்டுல இருந்தீங்களா?”

ஸ்தாமெனா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இல்லீங்க. நான் அன்னிக்குப் பூரா ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்.”

“ஸ்தாமெனா!”

“வேற ஏதோ நாள் போயிருப்பேன். எனக்கு நெனப்பில்ல.”

“கோதுமைய வாயில வச்சியே! உன் புருஷனுக்குச் சர்மா குடுத்தனுப்புனேனே! என் நீலப் பாத்திரம் இன்னும் உன் வீட்டுலதான் இருக்கு, போய் எடுத்துட்டு வரச் சொல்லுங்க!”

ஆய்வாளர் கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார். “பாத்திரத்துல தேதி இருக்காதேம்மா.”

பிறகு டைரக்டர் ஒரு தாளைப் படித்தார். ஒப்ராதின் விபத்தை வேலையில் நேர்ந்த விபத்து என்று நிர்வாகம் ஏற்கிறது. குணமானதும் அவருக்கு வாசல் காவலில் வேலை. விபத்தின் காரணம் தெரியவில்லை, ஏனென்றால் பதிவு ஊழியரின் தவறால் அழிந்துவிட்டது. ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். எல்லாம் ஏற்கெனவே டைப் அடித்து முடித்த தாள்.

நெவென்கா எழுந்தாள். ஸ்தாமெனாவை அவள் பார்க்கவில்லை. கிராதிமிரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“இன்னையிலேர்ந்து நீங்க எனக்குக் கூம் இல்ல.”

அந்த வார்த்தை அந்த ஊரில் யார் வாயிலிருந்தும் லேசில் வராது. கிராதிமிர் சிலுவைக்குறி போட்டான். “அப்படிச் சொல்லாதே, நெவென்கா. பாவம்.”

மார்ச்சில் அவளுக்கு ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரிக்கு விஷயம் தெரியும், கல்லாவில் மட்டும் உட்காரவைக்கவில்லை. தெருவில் சிலர் பழைய மாதிரி சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. ஸ்தாமெனாவை மன்னித்துவிட வேண்டும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நொண்டிப் புருஷன், இரண்டு பிள்ளைகள், அவள் வேறு என்னதான் செய்வாள்? புருஷனிடமாவது வீட்டுக்குள் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர்கள் இருவருக்காவது தெரிந்திருக்கும். அது போதும் என்றுகூட சில நாள் தோன்றியது.

ஒரு நாள் மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தாள். ஒப்ராத் காவலாளி உடுப்பில், ஊன்றுகோலோடு நின்றிருந்தான். ஸ்தாமெனா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் “அக்கா, அக்கா” என்று கும்பிட்டவன், இவளைக் கண்டதும் தரையில் காறித் துப்பினான்.

“எவ்வளவுக்கு வித்தே?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தாமெனா அவன் கையை இழுத்தாள். “வாங்க, விடுங்க.”

நெவென்கா அவன் எதிரே போய் நின்றாள். “நானா வித்தேன்? அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உன் பொண்டாட்டியக் கேளு, ஒப்ராத். பக்கத்துலதானே நிக்கறா. கேளு!”

“கேட்டாச்சு” என்றான் ஒப்ராத். “நீதான் அழிச்சேன்னு எனக்குச் சொன்னதே அவதான்.”

நெவென்கா ஸ்தாமெனாவைப் பார்த்தாள். ஸ்தாமெனா பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. ஒப்ராத் ஏறுவதற்கு எல்லாரும் வழிவிட்டார்கள், ஒருவர் எழுந்து இடமும் கொடுத்தார். நெவென்கா ஏறவில்லை.